கோட்டைக்கு விளக்கு, பாலாற்றுக்கு இருட்டா?

வேலூர்க் கோட்டைக்கு விளக்குப் போட்டால் நமக்கும் மகிழ்ச்சிதான். அகழிக் கரையில் நடைபாதை போட்டால், வாரம் முழுவதும் டேனரியில் நின்று கால் கடுத்துப் போன தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் பெண்டு பிள்ளைகளோடு அங்கே வந்து காற்று வாங்குவான். அதை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? ஆனால் ஊரின் பழஞ்சின்னத்தைக் காப்பது என்றால் விளக்கும் வெள்ளையடிப்பும் மட்டும்தானா? கல்லைக் காத்தால் போதுமா? கல்லைச் சுற்றியிருக்கும் நீரையும், நீரை நம்பியிருக்கும் நிலத்தையும், நிலத்தை நம்பியிருக்கும் மனிதனையும் கைவிட்டுவிட்டு, கல் மட்டும் நிமிர்ந்து நிற்குமா?

நிற்காது என்கிறோம் நாம். இது வெறும் வாய்ச்சொல் அல்ல. கோட்டையே அதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

அகழி சொன்ன பாடம்

பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியின் கீழிருந்த சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் எழுந்தது இந்தக் கோட்டை. சுமார் 133 ஏக்கர் பரப்பு. கருங்கல் மதில், மதிலைச் சுற்றி அகன்ற அகழி. கோயிலும் மசூதியும் மாதாகோயிலும் ஒரே மதிலுக்குள். இவற்றையெல்லாம் வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லும். அவை அதிகம் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அந்த அகழி வெறும் பள்ளம் அல்ல. சூர்யகுண்டா நீர்த்தேக்கத்திலிருந்து நிலத்துக்கடியில் கால்வாய் அமைத்து அதற்கு நீர் கொண்டுவந்தார்கள். மிஞ்சிய நீர் பாலாற்றுக்குப் போக வழியும் வைத்தார்கள். வருகிற நீருக்கு ஒரு வாசல், போகிற நீருக்கு ஒரு வாசல். கோட்டை, ஏரி, கால்வாய், ஆறு எல்லாம் ஒரே உடம்பின் உறுப்புகள். எஞ்சினியரிங் கல்லூரி இல்லாத காலத்தில், மண்ணின் மேடு பள்ளம் அறிந்த ஒட்டர்களும் கல்தச்சர்களும் செய்த காரியம் அது. கட்டச் சொன்னவன் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. கல் சுமந்தவன் பெயர் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

2016ல் வேலூர் 'ஸ்மார்ட் சிட்டி' பட்டியலில் சேர்ந்தது. அந்தத் திட்டத்தின் கீழ் அகழியைத் தூர்வாரினார்கள். கோட்டையை அழகுபடுத்தும் வேலைகள் நடந்தன. நல்லது. அடுத்து 2021 நவம்பர் மழை வந்தது. அகழி நிரம்பியது. மிஞ்சிய நீர் போக வழியில்லை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்போதுதான் அதிகாரிகளுக்குப் பழைய வடிகால் நினைவுக்கு வந்தது! ஆற்றுக்குப் போகும் அந்த வழி, ஊர் வளர்ந்த வேகத்தில் அடைபட்டுக் கிடந்தது. முகத்துக்குப் பவுடர் பூசியவர்கள் மூச்சுக்குழாயை மறந்துவிட்டார்கள்.

இதைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டுமா? பழஞ்சின்னம் தனியாக நிற்பதில்லை. ஊரின் நீரோட்டத்தை அடைத்துவிட்டு ஊரின் கோட்டையைக் காப்பாற்ற முடியாது. இந்திய சர்க்காரின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும் என்கின்றன. நல்ல சட்டம்தான். ஆனால் ஆறு எத்தனை மீட்டரில் இருக்கிறது? ஏரி எத்தனை மீட்டரில் இருக்கிறது? அளவுகோலுக்குள் அடங்காத இடத்திலிருந்தல்லவா அகழிக்கு உயிர் வருகிறது!

யாருடைய கோட்டை?

"கோட்டை ராஜாக்களுடையது, நமக்கென்ன?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: அது ராஜாக்கள் கட்டியது, சிப்பாய்கள் தம் ரத்தத்தால் பட்டா எழுதி வாங்கியது.

1805 நவம்பரில் சென்னை ராணுவத்தின் தளபதி சர் ஜான் கிரடாக் ஓர் உத்தரவு போட்டார். நெற்றியில் மதக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, புதுமாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும். அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன குஞ்சம். 1806 மே மாதம் வேலூரில் சிப்பாய்கள் அதை அணிய மறுத்தார்கள். இந்து ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் கசையடி பட்டார்கள். இரண்டு முதுகிலும் ஒரே சவுக்கு. இரண்டு மாதம் கழித்து, ஜூலை 10 விடியற்காலை, இரண்டு மதத்துச் சிப்பாய்களும் சேர்ந்து எழுந்தார்கள். கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் குடும்பத்தாருடைய பழைய புலிக்கொடி மதில்மேல் பறந்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தான். பகல் முடிவதற்குள் எழுச்சி நசுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். மாளிகையில் அடைக்கலம் புகுந்தவர்களைக்கூட வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். 1857க்கு 51 ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் பதவியிழந்து கப்பலேறினார்கள், உத்தரவும் வாபஸானது.

அந்தச் சண்டை ஒரு குஞ்சத்துக்காக நடந்ததென்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறார்கள். குஞ்சம் வெறும் திரி. என் உடம்பில் எதை அணிய வேண்டும், எதைக் களைய வேண்டும் என்று என்னைக் கேளாமல் எஜமான் முடிவு செய்வதா என்ற கோபம்தான் மருந்து. அந்தக் கோபம் இன்றைக்கும் கம்பெனி வாசலில் நிற்கும் எந்தத் தொழிலாளிக்கும் புரியும்.

கோட்டை மட்டுமா? ஆங்கிலேயர் 1815ல் பிடித்த கண்டி அரசன் விக்கிரம ராஜசிங்கன் இந்த வேலூரில்தான் கைதியாக வாழ்ந்து 1832ல் இறந்தான். பாலாற்றங்கரையில் கவனிப்பாரற்றுக் கிடந்த அவன் சமாதிக்கு 1990ல்தான் முத்து மண்டபம் எழுந்தது. ஏ. கே. கோபாலன் 1941ல் சுவரில் கன்னம் வைத்துத் தப்பியது வேலூர் மத்திய சிறையிலிருந்துதான். ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் டெல்லி கேட் நிற்கிறது. 1751ல் கிளைவ் முற்றுகைக்கு ஈடுகொடுத்த கோட்டையில் மிஞ்சிய வாசல் அது. 1749ல் நவாப் அன்வருத்தீன் கான் போரில் மாண்டது ஆம்பூரில். பிரியாணிக்குப் பெயர்போன ஊர் என்று தெரிந்தவர்கள் ஆயிரம் பேர். கர்நாடகத்தின் தலையெழுத்தை மாற்றிய போர்க்களம் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இவை எல்லாவற்றையும் கோத்து நிற்கும் கயிறு எது? பாலாறு. சமாதியும் அதன் கரையில், வாசலும் அதன் கரையில், அகழியின் வடிகாலும் அதை நோக்கி. அந்தப் பாலாற்றின் கதி என்ன?

தோலும் ஆறும்

வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. இந்த வட்டாரத்தில் தோல் பதனிடுவது நூறாண்டுக்கும் மேற்பட்ட தொழில். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்புக் குழியும்தான் மூலதனம். அந்தப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியே லண்டன் மண்டிக்குப் போனது. நாற்றம் இருந்தது, கழிவும் இருந்தது. ஆனால் 1970களில் சர்க்கார் ஏற்றுமதிக் கொள்கையை மாற்றியது. பாதி பதனிட்ட தோல் வேண்டாம், முழுமையாக்கிய தோலும் செருப்பும் ஷூவும் அனுப்பு, அந்நியச் செலாவணி கொண்டு வா என்றது. தொழில் பெருகியது, வேலை பெருகியது. அதை நாம் மறுக்கவில்லை. கூடவே குரோம் பெருகியது. மேல்நாடுகள் தங்கள் ஆறுகளைக் கழுவிச் சுத்தமாக்கிக் கொண்டே, அழுக்கு வேலையை நம் ஆற்றங்கரைக்குத் தள்ளின. ஷூ அங்கே போயிற்று. சேறு இங்கே தங்கிற்று.

1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோல் முடிக்க 35 லிட்டர் தண்ணீர். குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனம். தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ் என்று தீர்ப்பே கணக்குச் சொன்னது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளை இந்த நாட்டின் சட்டமாக்கிய தீர்ப்பு அது. இன்றும் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் 'வேலூர் வழக்கு' இல்லாமல் நடப்பதில்லை. 1806 வேலூருக்கு ஒரு சின்னம் என்றால் 1996 இன்னொரு சின்னம்!

ஆனால் சட்டப் புத்தகத்தில் ஓடிய நீதி ஆற்றில் ஓடவில்லை. 29 ஆண்டு கழித்து, 2025 ஜனவரி 30ல், அதே உச்சநீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவிட வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈட்டுத்தொகையைச் சர்க்கார் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலிக்க வேண்டும். ஆற்றை மீட்க ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு வேண்டும் என்றது. ஒரு தலைமுறை காத்திருந்த உத்தரவு. 1996ல் பிறந்த பிள்ளை 2025ல் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வீட்டுக் கிணறு என்னவாயிற்று என்று யார் கேட்பது?

ஆறா, வேலையா என்று முதலாளிமார் கேட்பார்கள். கழிவைக் கட்டுப்படுத்தச் சொன்னால் கதவைச் சாத்துவோம் என்பார்கள். கதவு சாத்தினால் முதலில் பட்டினி கிடப்பவன் தொழிலாளி என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நாம் இந்த வலையில் விழக் கூடாது. கெட்ட ஆறு முதலில் யார் குடத்தை நிரப்புகிறது? முதலாளி வீட்டுக்கு கேன் தண்ணீர் வரும். பாழ்பட்ட நிலத்தை விட்டு ஓடிவந்த விவசாயிதானே டேனரி வாசலில் குறைந்த கூலிக்கு நிற்கிறான்? ஆற்றைக் கெடுத்ததும் கூலியைக் குறைத்ததும் ஒரே கை. ஆற்றையும் வேலையையும் சேர்த்தே காக்க வேண்டும். அதற்கான செலவு லாபத்திலிருந்து வர வேண்டும், கூலியிலிருந்து அல்ல.

தொழிலாளிக்குச் சின்னம் எங்கே?

இப்போது இன்னொரு கேள்வி. நாயக்கருக்குக் கோட்டை இருக்கிறது. கண்டி அரசனுக்கு மண்டபம் இருக்கிறது. சிப்பாய்க்கு நினைவுத்தூண் இருக்கிறது. நூறாண்டாக இந்த வட்டாரத்துக்குச் சோறு போட்ட தோல் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது?

தோலைத் தொட்டவனைத் தொடக்கூடாதவன் என்று ஒதுக்கியது இந்தச் சமுதாயம். அவன் தொட்ட தோல் டாலராகவும் பவுனாகவும் திரும்பி வந்தபோது அதை மட்டும் யாரும் தீட்டு என்று தள்ளவில்லை. தலித்துகளும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்று வேலை செய்த இடம் டேனரி. இன்று ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இவர்களின் சரித்திரத்தை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

2015 ஜனவரி 31 நள்ளிரவு தாண்டிய வேளை, ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைக்க வந்த வங்காளத்துப் பிள்ளைகள். எந்தச் சேற்றை ஆற்றுக்குள் விடாமல் தடுப்பதற்காகத் தொட்டி கட்டினார்களோ, அந்தச் சேறே அவர்களை விழுங்கியது. 1806ன் சிப்பாயை நினைக்கிற ஊர் 2015ன் தொழிலாளியை மறக்கலாமா?

தொழிலாளியின் சின்னத்தை நாம் காக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையைப் பாருங்கள். 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளிகளிடையே. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது அது. பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை 1996ல் மூடப்பட்டது. இன்று அந்த மண்ணில் அடுக்குமாடி எழுந்து நிற்கிறது. சங்கு ஊதிய இடம் எது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளி விழுந்த இடம் எது என்று காட்ட விரல் நீட்டுபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

வெளிநாட்டிலும் இரண்டு பாதை உண்டு. மொராக்கோவின் ஃபெஸ் நகரம் 1981ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே சௌவாரா என்ற பழைய தோல் பதனிடும் முற்றம் இன்னும் இயங்குகிறது. உல்லாசப் பயணிகள் மாடியில் நின்று, நாற்றத்துக்குப் புதினாத் தழையை மூக்கில் வைத்துக்கொண்டு படம் பிடிக்கிறார்கள். கீழே தொட்டிக்குள் நிற்கிறான் தொழிலாளி. சின்னம் காக்கப்பட்டது, அவனும் காட்சிப் பொருளானான். அது நமக்கு வேண்டாம். ஸ்காத்லாந்தில் நியூ லானார்க் என்ற பருத்தி ஆலைக் கிராமம் இருக்கிறது. ராபர்ட் ஓவன் அங்கே ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1968ல் ஆலை மூடியது. கிராமம் இடிந்து போகாமல் ஓர் அறக்கட்டளை அதைச் சீர்செய்தது. 2001ல் அதுவும் உலகப் பட்டியலில் ஏறியது. இன்றும் அங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். சின்னமும் வாழ்கிறது, அதில் மனிதனும் வாழ்கிறான். நாம் கேட்பது இந்த வழியை.

நாற்றமடித்த டேனரியைப் போய்ப் போற்றுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சிறைச்சாலையை நினைவிடமாக்குவது சிறையைப் போற்றுவதற்கா? அங்கே அடைபட்டவனைப் போற்றுவதற்கு. டேனரியும் அப்படித்தான்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, ஏரியிலிருந்து அகழிக்கும், அகழியிலிருந்து பாலாற்றுக்கும் உள்ள பழைய நீர்வழி முழுவதையும் அளந்து, ஊரறிய வரைபடம் வெளியிட்டு, நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும். ஸ்மார்ட் சிட்டித் திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்தது. திட்டம் முடியலாம், மழை முடியாது. ஆண்டுதோறும் மாநகராட்சி வரவு செலவில் இதற்குத் தனித்தொகை வேண்டும்.

இரண்டாவது, நீர்வழியை மீட்கிறோம் என்ற பெயரில் ஏழையின் குடிசையை மட்டும் இடித்துவிட்டுப் பெரிய மனிதர் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வேலை கூடாது. மாற்று வீடு கொடுத்த பிறகே எவரையும் நகர்த்த வேண்டும். அகழிக் கரையில் சுண்டலும் பட்டாணியும் விற்பவனுக்கும் அந்த அழகில் பங்கு உண்டு.

மூன்றாவது, மூடிக் கிடக்கும் பழைய பட்டை டேனரி ஒன்றைச் சர்க்கார் ஏற்று, தோல் தொழிலாளர் காட்சிசாலையாக்க வேண்டும். குழி, கத்தி, டிரம், கூலிச் சீட்டு, சங்க ரசீது, வேலைநிறுத்த நோட்டீஸ் எல்லாம் அதில் இருக்கட்டும். முதிய தொழிலாளிகளின் வாய்மொழியை அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யட்டும். ராணிப்பேட்டையில் மாண்ட பத்துப் பேருக்கும் பெயர் பொறித்த ஒரு கல் எழட்டும்.

நான்காவது, பாலாற்றை மீட்கும் வேலையில் அமைக்கும் எந்தக் குழுவிலும் தொழிற்சங்கமும் விவசாயிகள் சங்கமும் உட்கார வேண்டும். தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கென்று 2012ல் சட்டம் இயற்றினார்கள். அது உயிர்பெறப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அதிகாரிகளிடம் மட்டும் விட்டுவைத்தால் வேகம் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

"வயிற்றுக்கு வழி கேட்கிற நேரத்தில் கோட்டையும் குளமும் எதற்கு?" என்று கேட்கும் தோழருக்குக் கடைசியாக ஒரு சொல். கூலி உயர்வுக்கு நாம் போராடுகிறோம். போராடித்தான் தீர வேண்டும். ஆனால் உயர்ந்த கூலியை வாங்கிக்கொண்டு கேன் தண்ணீருக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொட்டிக் கொடுத்தால் கையில் மிஞ்சுவது என்ன? தன் ஊரின் சரித்திரம் தெரியாத தொழிலாளியை 'நேற்று வந்த கூலி' என்று எவனும் ஏய்க்கலாம். தன் பாட்டன் இந்த ஊரைக் கட்டியவன் என்று அறிந்தவனை ஏய்ப்பது அவ்வளவு சுலபமல்ல.

ஆகவே தோழர்களே, அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில், அடுத்த கிராம சபையில் இதை எழுப்புங்கள். நீர்வழியின் வரைபடம் எங்கே என்று கேளுங்கள். ஈட்டுத்தொகை யார் யாருக்கு வந்தது என்று கணக்குக் கேளுங்கள். உங்கள் வட்டாரத்தில் இடிபடக் காத்திருக்கும் பழைய டேனரி, கிணறு, சங்கக் கட்டடம் எது எது என்று பட்டியல் எடுத்துச் சங்கத்தில் கொடுங்கள். ஜூலை 10 அன்று நினைவுத்தூணுக்கு மாலை போட வரும் அதிகாரிகளிடம் அந்தப் பட்டியலை நேரில் நீட்டுங்கள். மாலை வாடுவதற்குள் பதில் வரவில்லையென்றால், மறுபடியும் போய்க் கேளுங்கள்.